தோட்டா நிரப்பிய மேசை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் போதும், ஜப்பான்காரன் காலத்துப் பேச்சு வந்துவிடும். பேச்சு வந்த கையோடு மரவள்ளிக்கிழங்கும் வந்துவிடும். அவித்துத் தின்றோம், சுட்டுத் தின்றோம், மாவாக்கிக் கிண்டித் தின்றோம் என்று ஆளாளுக்கு ஒரு கிழங்கை எடுத்து நீட்டுவீர்கள். எனக்குக் கேட்டுக் கேட்டே வயிறு ஊதிப்போயிற்று. நானும் தின்றவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்னிடம் சொல்வதற்கு வேறொன்று இருக்கிறது. அது ஒரு மேசை. இன்றைக்கும் என் மகள் வீட்டுக் கூடத்தில்தான் கிடக்கிறது. அதன் விளிம்பில் இரும்பு கடித்த தடம் ஒன்று இருக்கிறது. மேலே துணி விரித்திருப்பதால் வருகிறவர்கள் யாரும் பார்ப்பதில்லை. அந்தத் தடத்தைப் பற்றிச் சொல்கிறேன். நடுவில் யாரும் கிழங்கைக் கொண்டுவராதீர்கள். வரவேண்டிய இடத்தில் நானே கொண்டுவருவேன்.

எங்கள் தோட்டம் சுங்கை பட்டாணியிலிருந்து உள்ளே தள்ளி, மெர்போக் ஆற்றுப் பக்கம் இறங்கும் மேட்டில் இருந்தது. வெள்ளைக்காரத் துரை ஒரு காலைப்பொழுதில் பசியாறாமல்கூட காரில் ஏறிப் போய்விட்டார். ஜப்பான்காரன் வந்து பால் வடிகிற கித்தா மரத்தில் பாதியை வெட்டச் சொல்லி, அந்த நிலத்தில் கிழங்கு போடச் சொன்னான். அதற்கப்புறம் ஆள் எடுக்க ஆரம்பித்தான். சயாம் தேசத்தில் ரயில் பாதை போடுகிறோம், சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொல்லி முதல் லோரியிலேயே என் அப்பாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பா போகும்போது தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு போனார். தொப்பியை வீட்டிலேயே விட்டுவிட்டார். சாம்பல் நிறத்தில், கெட்டிக் கம்பளித் துணியில் செய்த தொப்பி அது. துரை எப்போதோ கொடுத்தது. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான் அப்பா அதைப் போடுவார். கதவுக்குப் பக்கத்து ஆணியில் அது தொங்கிக்கொண்டே இருந்தது, அம்மா தினமும் தூசி தட்டுவாள்.

அப்பா போனபிறகு வீட்டில் இருந்த ஒரே ஆண்பிள்ளை அம்மாவின் தம்பி, என் மாமா. ஒல்லியான ஆள். சிரித்தால் ஈறு தெரியும். மாசத்துக்கொரு தரம் குளிர்ஜுரம் வந்து மூன்று சாக்கைப் போர்த்திக்கொண்டு ஆடுவார். அந்த உடம்போடு சயாமுக்குப் போனால் திரும்பமாட்டார் என்று அம்மாவுக்குத் தெரியும். லோரி வரும் சத்தம் கேட்டாலே அம்மா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். அது வேறு லோரி, உப்பு ஏற்றி வந்த லோரி என்று தெரிந்த பிறகுதான் மறுபடி எடுப்பாள்.

அப்படி இருக்கும்போதுதான் பெரிய கிராணி எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தார். ஆபீசில் எல்லாக் கணக்கும் அவர் கையில் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளை வேட்டி, காலில் செருப்பு. லயத்துப் பக்கம் அவர் கால் வைத்து நான் பார்த்ததில்லை. அம்மா பதறிப்போய் முறத்தை ஒதுக்கி இடம் கொடுத்தாள். அவர் உட்காரவில்லை.

"நீர் முந்தி வெள்ளைத்துரையோட வேட்டைக்குப் போனனீர்தானே?" என்று மாமாவைக் கேட்டார்.

"ஆமாங்கய்யா. துப்பாக்கி தூக்கிட்டுப் போவேன்."

"அவர் தோட்டாவைத் தானே நிரப்புறவர். நீர் கூட நிண்டு பார்த்திருக்கிறீர்."

"பாத்திருக்கேன். சில நாள் கூடமாட செஞ்சும் குடுத்திருக்கேன்."

விஷயம் இதுதான். கிழங்குக் காட்டைக் காட்டுப்பன்றி வந்து உழுதுவிட்டுப் போகிறது. கிழங்கு குறைந்தால் ஜப்பான் அதிகாரி கிராணியைத்தான் கேட்பான். ஊரில் எல்லாத் துப்பாக்கியையும் பிடுங்கிக்கொண்டவன், பன்றி சுட மட்டும் துரையின் இரட்டைக்குழல் துப்பாக்கியை ஆபீசில் வைத்துக்கொள்ள விட்டிருந்தான். துப்பாக்கி இருந்தது, தோட்டா தீர்ந்துபோயிற்று. ஆனால் துரை பங்களாவில் அவர் பொழுதுபோக்குக்கு வைத்திருந்த சாமான் அப்படியே கிடந்தது: ஒரு டின் வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் கேப்பு ஒரு பெட்டி, மேசை விளிம்பில் முடுக்கி வைக்கும் ஒரு கைச்சுற்று யந்திரம்.

"நீர் இதைச் செய்து தந்தால் உம்மட பேர் சயாமுக்கு வராது. நான் பார்த்துக்கொள்ளுறன்" என்றார் கிராணி. "ஆனா சாமான் எல்லாம் இஞ்ச, உம்மட வீட்டிலதான் இருக்கோணும். பங்களாவில அதிகாரி வந்து படுக்கிறவர்."

வெடித்தால் லயம் வெடிக்கட்டும் என்பதுதான் அதன் பொருள். அன்று எனக்கு அது புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் அவள் கிராணியைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

யந்திரத்தை முடுக்க ஆடாத மேசை வேண்டும். லயத்தில் மேசைக்கு எங்கே போவது? பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள், வாத்தியார் ஜித்ராவில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய மேசையை மாமாவும் இன்னொருவரும் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் தொட்டால் பிரம்படி விழும் மேசை. மை கொட்டிய கறை, பிரம்பு தட்டித் தட்டிப் பள்ளம் விழுந்த ஓரம், சாவி தொலைந்த இழுப்பறை. அது எங்கள் வீட்டு வாசலில் பக்கவாட்டில் நுழைந்து, அடுப்பு இருந்த மூலையில் உட்கார்ந்துகொண்டது. எனக்கு வாத்தியாரே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பல நாள் அதன் பக்கத்தில் நான் சத்தமாகப் பேசவில்லை.

அடுப்பு போயிற்று. மருந்து இருக்கும் வீட்டில் நெருப்பு ஆகாது என்று மாமா முதல் நாளே சட்டம் போட்டார். வீட்டுக்குப் பின்னால் கூரை வேயும் அத்தாப்பு ஓலையில் ஒரு சாய்ப்பு இறக்கி அடுப்பை அங்கே மாற்றினார். சாமி விளக்குக்கும் வெளியேற்றம்தான். சாமி படம் உள்ளேயே இருந்தது, விளக்கு மட்டும் வாசலில் எரிந்தது. சுருட்டு பிடிக்கிற கிழவர்கள் எங்கள் வீட்டு வரிசையில் நடக்கும்போது சுருட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு போவார்கள். மழையில் ஈர விறகை ஊதி ஊதி அம்மாவின் கண் வீங்கிப்போகும்.

"எரியறதப் பாத்துப் பயந்து பயந்தே நம்ம செத்துருவோம் போலருக்கு" என்று முனகுவாள்.

"ஒரு பொறி போதும்க்கா. நீயும் இல்ல, நானும் இல்ல, லயமும் இல்ல" என்பார் மாமா.

அந்த வீட்டில் அப்போது நெருப்பைப் பற்றி யோசிக்காத ஆளே கிடையாது. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை எப்படி நடந்தது என்று கேட்டால், எனக்கு நினைவிருப்பது வாசனையும் சத்தமும்தான். சுட்டுப்போட்ட தோட்டாக் கூடுகளைக் காட்டில் பொறுக்கி வருவது பிள்ளைகள் வேலை. பித்தளை அடியும் காகிதக் குழலுமாக இருக்கும். மூக்கில் வைத்தால் காரமாக ஒரு நெடி அடிக்கும். அது எனக்குப் பிடிக்கும். அந்தக் காகிதக் குழல் ஈரம் குடித்தால் ஊதிக்கொள்ளும். அதனால் மாமா கூடுகளை முறத்தில் பரப்பி வெயிலில் வைப்பார், மேகம் கூடினால் நான் ஓடிப்போய் உள்ளே எடுத்துவர வேண்டும். தஞ்சோங் டாவாயிலிருந்து கருவாடு கொண்டுவரும் மலாய்க்காரர் ஒருவர், வலையில் கட்டுகிற ஈயத்துண்டுகளைக் கிழங்குக்கு மாற்றிக் கொடுப்பார். மாமா அதை உளியால் சின்னச் சின்னதாக நறுக்குவார். நறுக்கியது மேசைமேல் உருளும். மேசை விளிம்பைக் கடித்துக்கொண்டு நிற்கும் யந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றும்போது காகிதத்தின் வாய் உள்பக்கமாக மடங்கும், கிரீச் என்று ஒரு சத்தம் வரும். கடைசியில் வாயில் ஒரு சொட்டு மெழுகு. அந்த மெழுகை மட்டும் பின்னால் சாய்ப்பில் உருக்கி, ஓடி வந்து ஊற்றுவார்.

ஒன்றுதான் கிடைக்கவில்லை. மருந்துக்கும் ஈயத்துக்கும் நடுவில் வைக்க வட்டமாக வெட்டிய கெட்டிக் கம்பளி வேண்டும். துரை வைத்திருந்தது தீர்ந்துபோயிற்று. மாமா சாக்கில் வெட்டிப் பார்த்தார், அட்டையில் வெட்டிப் பார்த்தார், தென்னம் பன்னாடையைக்கூட விடவில்லை. எதுவும் நிற்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம் அவர் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததை அம்மா பார்த்துவிட்டாள்.

"அதப் பாக்காத" என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலியேக்கா."

"உசுரோட இருக்கற மனுஷன் தொப்பி. அதுல கத்தி வைக்கச் சொல்றியா?"

மாமா உளியை எடுத்து மறுபடி ஈயம் நறுக்க உட்கார்ந்தார். அந்த வாரமே அடுத்த லோரி வந்தது. எங்கள் வரிசையிலேயே கடைசி வீட்டுப் பையன்கள் இரண்டு பேரை ஏற்றினார்கள். மாமா வாசலில் நின்றார். பேர்ப் பட்டியலோடு வந்த கிராணி அவரைத் தாண்டிப் போனார், அவர் பக்கம் திரும்பவே இல்லை. லோரி போனபிறகு அம்மா உள்ளே வந்து தொப்பியை ஆணியிலிருந்து எடுத்தாள். கடைசியாக ஒருமுறை தூசி தட்டினாள். "வெட்டிக்கோ" என்று மேசையில் வைத்துவிட்டு, பின்னால் போய் ஈர விறகை ஊத ஆரம்பித்தாள். அன்றைக்கு அவள் அழுதது புகையாலா வேறெதனாலா என்று நான் கேட்கவில்லை. முதலில் தொப்பியின் விளிம்பு போயிற்று, அப்புறம் உச்சி.

தோட்டா நன்றாகவே வெடித்தது. பன்றி விழுந்தது. விழுந்த பன்றியில் எங்களுக்கும் ஒரு பங்கு வந்தது. ஆனால் அதோடு வேறொன்றும் வந்தது. கடைசி வீட்டு அக்கா, தம்பிகள் இருவரையும் லோரிக்குக் கொடுத்தவள், குழாயடியில் அம்மாவிடம் கேட்டாள்:

"ஒங்க வீட்ல வாத்தியார் மேச இருக்கு. எங்க வீட்ல என்னா இருக்கு, சொல்லுலா?"

அம்மா தண்ணீரைப் பாதிக் குடத்தோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த அக்கா எங்களோடு பேசவில்லை. மாமா வெளியே தலை காட்டுவதைக் குறைத்துக்கொண்டார். லயத்தில் ஆண்பிள்ளைகள் குறையக் குறைய, மீந்து நிற்கிற ஒருவன் நடமாடுவது எல்லார் கண்ணையும் உறுத்தியது. பெரியவர்கள் அவரைக் கோழை என்றே சொன்னார்கள். எனக்கும் அவர்மேல் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. தன் அக்கா ஒருத்தியையும் அவள் பிள்ளையையும் விட்டுப் போகக்கூடாது என்று ஒரு நோயாளி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான் என்பது கிழவியான பிறகுதான் எனக்குத் தெரிகிறது.

மழைக்காலத்தில் ஆயுத பூசை வந்தது. அந்தப் பஞ்சத்திலும் தோட்டத்தில் யாரும் அதை விடவில்லை. பால் வெட்டுகிற உளி, வாளி, மண்வெட்டி எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தார்கள். பொரி கடலைக்குப் பதில் அவித்த கிழங்கு. பார்த்தீர்களா, வந்துவிட்டது. எங்கள் வீட்டில் பொட்டு வைக்க என்ன இருந்தது? அப்பாவின் உளி இருந்தது. அப்புறம் இந்த மேசை இருந்தது, சோறு போடுகிற மேசை, மாமாவைப் பிடித்து வைத்திருக்கிற மேசை. அம்மா அதற்குத்தான் பெரிய பூசை போட வேண்டும் என்றாள்.

மாமாவுக்கு அன்று காலையிலிருந்தே ஜுரம் ஆட்டிக்கொண்டிருந்தது. சாக்கைப் போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்தார். கிடந்தபடியே ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்:

"சூடம் வேணாம்க்கா. ஊதுபத்தியும் வேணாம். தோட்டா ரெடியா இருக்கு, பொறி பட்டா தொலஞ்சோம்."

"சாமிக்குச் சூடம் காட்டாம எப்பிடிடா தம்பி?"

"சாமி கோச்சுக்காது. சூடத்த வாசல்ல காட்டிரு."

பெரிய கிராணியும் அந்த நேரம் பார்த்து வந்தார். மறுநாள் அதிகாரி தன் கூட்டாளிகளோடு வேட்டைக்கு வருகிறான், தட்டு நிறையத் தோட்டா வேண்டும் என்று சொல்ல வந்தவர். சூடம் வேண்டாம் என்ற பேச்சைக் கேட்டு மெச்சினார். "ஓம், அதுதான் புத்தி. நெருப்பு மட்டும் கிட்டக் கொண்டு போகாதேங்கோ" என்றார். மூன்று பெரியவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். எவ்வளவு கவனமாக இருக்கிறோம் என்று அவர்களுக்கு ஒரு திருப்தி.

சூடம் இல்லாத குறையைத் தீர்க்க அம்மா மற்ற எல்லாவற்றையும் இரண்டு பங்காகச் செய்தாள். மேசையை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினாள். ஒரு வெள்ளைத் துணியை மஞ்சளில் முக்கிப் பிழிந்து மேலே விரித்தாள். தட்டிலிருந்த தோட்டாக்களை எடுத்து அந்தத் துணியில் வரிசை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். வாய் மடித்த மஞ்சள் நிறக் காகிதத் தலைகளும் சிவப்புப் பொட்டுமாக, பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஒரே ஒரு தோட்டாவைத் தனியாக எடுத்து அப்பாவின் உளியோடு சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். சொம்பை நான் பிடித்துக்கொண்டேன். அம்மா மாவிலையை முக்கி முக்கித் தெளித்தாள். மாமா பெயரைச் சொல்லித் தெளித்தாள், அப்பா பெயரைச் சொல்லித் தெளித்தாள், விளிம்பெல்லாம் சொட்டச் சொட்டத் தெளித்தாள்.

வெயிலில் அவ்வளவு பாடுபட்டு உலர்த்திய கூடுகள் அவை. ஆனால் பூசையில் வைத்ததை அன்றைக்கு யாரும் தொடக்கூடாது. மறுநாள் மறுபூசை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதுதானே நம் வழக்கம். ஈரத் துணிமேல் அவை ராத்திரி முழுக்க நின்றன. மாமா ஜுரத்தில் கிடந்தார். வெளியே மழை பெய்தது.

மறுநாள் லோரியின் ஹார்ன் சத்தத்தில்தான் மறுபூசையே நடந்தது. அம்மா அவசரமாகக் கும்பிட்டு, தோட்டாக்களைத் துடைத்து மாமாவின் பையில் போட்டாள். மாமா இன்னும் தெளியவில்லை. நெற்றியில் விபூதியோடு தள்ளாடிப் போய் லோரியில் ஏறினார். பன்றியைக் கலைக்கத் தகரம் தட்டுவதற்குப் பிள்ளைகளும் வரவேண்டும் என்றார்கள். நானும் ஒரு மண்ணெண்ணெய் டின்னோடு போனேன்.

கிழங்குக் காட்டின் ஒரு பக்கம் நாங்கள் தட்டிக்கொண்டு போனோம். மறு பக்கம் அதிகாரியும் கூட்டாளிகளும் நின்றார்கள். துப்பாக்கி அவன் கையிலேயே இருந்தது. தோட்டாவைக் குழலில் செருக மாமா கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தள்ளியதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். அது எப்போதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அன்றைக்கு மாமாவின் முகம் மாறிப்போயிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பன்றி வந்துவிட்டது. பெரிய தனிப்பன்றி, அதிகாரிக்கு எதிரே வந்து நின்றது. அவன் குறி பார்த்தான். டிக் என்று ஒரு சத்தம். மறுபடி அழுத்தினான். புஸ் என்று புகை வந்தது, ஈயத்துண்டுகள் குழலின் வாயிலிருந்து அவன் பூட்ஸ் பக்கத்திலேயே கொட்டின. பன்றி அவனைப் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பிப் போயிற்று. கூட்டாளிகளில் ஒருவன் சிரித்துவிட்டான்.

அந்தச் சிரிப்புத்தான் எங்கள் குடும்பத்தைத் தின்றது. அதிகாரி கிராணியின் கன்னத்தில் அறைந்தான். வெள்ளை வேட்டியோடு அவர் சேற்றில் விழுந்தார். எழுந்தவர் மாமாவைக் கைகாட்டினார். அதிகாரியின் கை இடுப்பு வாளுக்குப் போயிற்று. கிராணி சேற்றிலேயே மண்டி போட்டு, கும்பிட்டபடி என்னென்னவோ சொன்னார். சயாம், சயாம் என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது.

கிராணி மாமாவைக் காட்டிக்கொடுத்து, சயாமுக்குத் தள்ளிவிட்டார் என்று பல வருஷம் நான் அவரைச் சபித்தேன். அந்த வாளுக்கு மாற்றாகத்தான் அவர் சயாமைச் சொன்னார் என்று நினைக்க எனக்கு வயதாக வேண்டியிருந்தது. அவர் அதற்கும் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கன்னத்து வீக்கம் மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

மாமாவை அதே லோரியில் ஏற்றினார்கள். லயத்து வழியாகத்தான் லோரி போகவேண்டும். அம்மா சத்தம் கேட்டுப் பின்னாலிருந்து ஓடிவந்தாள், முந்தானையில் கரி. லோரி நிற்கவில்லை, ஆனால் மேட்டில் மெதுவாகத்தான் ஏறியது. அம்மா கூடவே ஓடினாள்.

"என்னாச்சுடா தம்பி? என்னாச்சு?"

மாமாவுக்குப் பல் தந்தியடித்தது. "தெரியலக்கா. எல்லாம் சரியாத்தான் செஞ்சேன்" என்றார். பிறகு லோரி வளைவில் திரும்பும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிக் கத்தினார்:

"மருந்து டின்ன அடுப்பாண்ட வச்சுராதக்கா."

அதுதான் அவர் எங்களிடம் பேசிய கடைசிப் பேச்சு. போகும்போதும் அவருக்கு நெருப்புப் பயம்தான்.

அவர் சயாமுக்கும் போய்ச் சேரவில்லை, வழியிலேயே ஜுரம் முடித்துவிட்டது என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். எந்த ஊர் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. கடைசி வீட்டு அக்கா ஒரு தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். அம்மா அதை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு ஊற்றினாள், தான் குடிக்கவில்லை.

"சூடம் காட்டாத பூச பூசையாடி? சாமிக்குக் கொறை வச்சேன். அது எந்தம்பிய எடுத்துக்கிச்சு" என்றாள்.

அன்றைக்கு அதைச் சொன்னவள், சாகும்வரை அதையே சொன்னாள்.

போர் முடிந்து அப்பா திரும்பி வந்தார். எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு, சாக்கைச் சுற்றிக்கொண்டு வந்தார். வாசலில் நுழைந்ததும் ஆணியைப் பார்த்தார். பிறகு மூலையைப் பார்த்தார், அங்கே ஒரு மேசை நின்றது. "மச்சான் எங்க?" என்று கேட்டார். அம்மா தரையில் உட்கார்ந்து அத்தனையும் சொன்னாள்: தொப்பியை வெட்டியது, பூசை போட்டது, சூடம் காட்டாமல் விட்டது. அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

சில நாள் கழித்து ஆணி தேட இழுப்பறையைத் திறந்தவர், உள்ளே ஒரு தோட்டாவைக் கண்டார். சாமி படத்துக்கு முன்னால் வைத்த அந்த ஒரு தோட்டா. அம்மா எடுத்து உள்ளே போட்டு மறந்திருந்தாள். குங்குமம் காய்ந்து கறையாக ஒட்டியிருந்தது. காகிதம் பித்தளைக்கு மேலே தடித்துப் பிதுங்கியிருந்தது. அப்பா அதை வாசலுக்குக் கொண்டுபோய், மெழுகைக் கீறி வாயை மெல்லப் பிரித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஈயம் கொட்டியது. அதற்கடுத்து அவருடைய தொப்பித் துண்டு வந்தது. சாம்பல் நிறத் துண்டு, மஞ்சளாகிப் போயிருந்தது. அடியில் மருந்து கருப்பட்டிப் பாகு இறுகின மாதிரி கட்டியாக ஒட்டிக்கிடந்தது.

அப்பா அந்த மஞ்சள் வட்டத்தை விரலில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சொம்பு பிடித்தவள், எனக்கும் புரிந்துவிட்டது.

"என்னாங்க அது?" என்று அம்மா பின்னாலிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. பழைய குப்ப" என்றார் அப்பா.

எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்க் கால்வாயில் கொட்டிவிட்டு வந்தார். அந்த வட்டத்தை மட்டும் கொட்டினாரா வைத்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியும் இல்லை. சாமி கோபித்துக்கொண்டு எடுத்தது என்றால் அம்மாவால் சாமியோடு சண்டை போட முடியும், அழ முடியும், அடுத்த வருஷம் சூடம் காட்டிச் சமாதானம் ஆக முடியும். தன் கைத் தண்ணீர் என்று தெரிந்தால் அவள் யாரோடு போய்ச் சமாதானம் ஆவாள்? அப்பா போகும்வரை சொல்லவில்லை. அவருக்குப் பிறகு நானும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அம்மா அந்த மேசையில் கைகொள்ளாத சூடத்தைக் குவித்துக் கொளுத்துவாள். தீ கூரைக்கு எழும்பும். அப்பாவும் நானும் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். மேசையின் நடுவில், துணிக்கு அடியில், கருகின வட்டம் ஒன்றும் இருக்கிறது, அது அப்படி வந்ததுதான்.

அம்மாவும் போய் வெகுகாலம் ஆயிற்று. மேசை மகள் வீட்டுக்கு வந்தது. மருமகன் கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார், நல்ல பிள்ளை. போன ஆயுத பூசைக்குத் தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து அந்த மேசையில், என் அப்பாவின் உளிக்குப் பக்கத்தில் வைத்தார். மகள் பொட்டு வைத்தாள். நான் சொம்பையும் மாவிலையையும் எடுத்துக்கொண்டு கிட்டே போனேன். மருமகன் சட்டென்று இரண்டு கையையும் விரித்து அதன்மேல் மூடிக்கொண்டார்.

"அத்தே, தண்ணி மட்டும் தெளிக்காதீங்க. உள்ள போச்சுன்னா கெட்டுப் போயிரும்" என்றார், சிரித்துக்கொண்டே.

அவ்வளவுதான். மூச்சு விடுகிற மாதிரி சொல்லிவிட்டார். லயத்து வீட்டுப் பூசையன்று மூன்று பெரியவர்கள் இருந்தார்கள். இந்த ஒரு பேச்சைச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. எல்லாருடைய வாயிலும் நெருப்பு மட்டுமே இருந்தது. நான் சொம்போடு அப்படியே நின்றேன்.

"அப்ப சூடம்?" என்று கேட்டேன்.

"சூடம் தாராளமா காட்டுங்க அத்தே. சூடத்தால என்னா ஆவப்போது?"

சூடம் காட்டினேன். பிறகு சொம்பை வாசலுக்குக் கொண்டுபோய், மஞ்சள் தண்ணீர் முழுவதையும் மண்ணில் ஊற்றினேன். அதைப் பார்த்து மகள் ஓடிவந்து சொம்பை வாங்கிக்கொண்டாள். அம்மாவுக்கு வயசாயிருச்சு, இனிமே பூசைய நம்மளே பாத்துக்கணும் என்று உள்ளே போய் மருமகனிடம் சொன்னாள்.